பள்ளி பேஸ்பால் அணியில் மகனைச் சேர்க்கும் முன்: தலைமைப் பயிற்சியாளரை அறிந்துகொள்வது எப்படி

அமெரிக்காவில் எட்டாம் வகுப்பை முடிக்கும் மகன் "ஹைஸ்கூலில் பேஸ்பால் ஆடப் போகிறேன்" என்று சொன்னால், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெற்றோரில் பலர் முதலில் விசாரிப்பது அந்தப் பள்ளி சென்ற ஆண்டு எத்தனை ஆட்டங்களில் வென்றது என்பதைத்தான். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடை, மகன் அங்கே கழிக்கப்போகும் நான்கு ஆண்டுகளைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். பள்ளியின் பேஸ்பால் அமைப்பை எடைபோட விரும்புகிறவர் இரண்டு பிள்ளைகளைக் கவனித்தால் போதும் என்பது என் கருத்து: நன்றாகப் பந்தெறியும் பிள்ளையின் கையைத் தலைமைப் பயிற்சியாளர் எப்படிக் காக்கிறார், பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நேரத்தை எப்படி மதிக்கிறார் என்பவை வெற்றிக் கணக்கைவிட அதிகம் பேசும். அவற்றை எங்கே, எப்போது, எப்படிக் கவனிப்பது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

அமைப்பும் அதன் தலைவரும்

பள்ளியில் இருப்பது ஒரே ஓர் அணி அன்று. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களைக் கொண்டு, முதன்மை அணியான வார்சிட்டி, அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஜூனியர் வார்சிட்டி, பெரிய பள்ளியாக இருந்தால் ஒன்பதாம் வகுப்பினருக்கென்று தனியாக ஃப்ரெஷ்மன் அணி என இரண்டோ மூன்றோ அணிகள் இயங்கும். இவை அனைத்தையும் சேர்த்தே ‘புரோகிராம்’ என்கிறார்கள். வார்சிட்டி ஆட்டங்களைத் தலைமைப் பயிற்சியாளர் நேரடியாக நடத்துவார். கீழ் அணிகளைத் துணைப் பயிற்சியாளர்கள் கவனித்துக்கொண்டாலும், எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவருடையதே. அவருக்கு மேலே, பள்ளியின் எல்லா விளையாட்டுகளையும் நிர்வகிக்கும் அத்லெடிக் டைரக்டர் இருப்பார். தலைமைப் பயிற்சியாளர்களில் பலர் அதே பள்ளியில் ஆசிரியர்களாகவும் இருப்பவர்கள். பகலில் வகுப்பெடுத்துவிட்டு, மாலையில் மைதானத்து மண்ணைச் சமன்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவது வரை அவர்கள் தலையில்தான் விடியும். அதற்குக் கிடைக்கும் கூடுதல் ஊதியத்தை உழைத்த மணிநேரங்களால் வகுத்துப் பார்க்காமலிருப்பதே அவர்களுக்கு நிம்மதி.

ஆட்ட விதிகளை இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து இயங்கும் மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு வகுத்துத் தருகிறது. தகுதி விதிகளையும் பருவ அட்டவணையையும் அந்தந்த மாநிலச் சங்கம் தீர்மானிக்கிறது. டெக்சஸில் யுஐஎல், கலிஃபோர்னியாவில் சிஐஎஃப் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சங்கம் உண்டு. பள்ளி பேஸ்பால் பொதுவாக வசந்த காலத்து விளையாட்டு. அயோவா மாநிலம் மட்டும் அதைக் கோடையில் நடத்துகிறது. ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்களைக் கொண்டது; இரு அணிகளும் ஒவ்வொரு முறை மட்டை பிடித்தால் ஓர் இன்னிங்ஸ். தொழில்முறை ஆட்டத்தின் ஒன்பதை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாற வேண்டாம்.

வசந்தத்தில் தொடங்கும் விளையாட்டுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே ஆயத்தமாக வேண்டும். பள்ளி தொடங்கிய சில வாரங்களுக்குள் மகனே தலைமைப் பயிற்சியாளருக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதித் தன் பெயர், வகுப்பு, ஆடும் இடம் ஆகியவற்றைத் தெரிவிப்பது நல்லது. அந்த மின்னஞ்சலை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தாலும் அது அவனுடையதாக இருக்கட்டும். மருத்துவர் கையொப்பமிட்ட உடற்தகுதிப் படிவம் இல்லாமல் அணித் தேர்வு நாளன்று மைதானத்தில் கால்வைக்க விடமாட்டார்கள். தகுதி மதிப்பெண்ணையும் சார்ந்தது; டெக்சஸில் ‘தேர்ச்சி இல்லையேல் ஆட்டம் இல்லை’ என்ற விதி 1984 முதல் சட்டமாகவே இருக்கிறது. நம் குடும்பங்கள் அடிக்கடி தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. வேலை மாற்றத்தாலோ, நல்ல பள்ளியைத் தேடியோ, மகன் ஹைஸ்கூலில் சேர்ந்த பிறகு பள்ளி மாற்றினால், பல மாநிலங்களில் அவன் குறிப்பிட்ட காலத்துக்கு வார்சிட்டியில் ஆடும் தகுதியை இழக்கக்கூடும். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அத்லெடிக் டைரக்டரிடம் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தேர்வு நாள்

ட்ரை-அவுட் எனப்படும் தேர்வு இரண்டு மூன்று நாட்கள் நடக்கும். 60 கஜ ஓட்டத்தை நிறுத்தற்கடிகாரத்தில் அளப்பார்கள். உள்வட்டத்தில் தரையோடு வரும் பந்தை எடுத்து, ரன் எடுக்க ஓடுகிறவர் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதற்கு எறியச் சொல்வார்கள். கூண்டுக்குள் மட்டை வீசவைப்பார்கள். பந்தெறிபவர்களையும், மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர்களையும் தனியே பார்ப்பார்கள். சிறுவர் லீகிலிருந்து நேரே வரும் பிள்ளைக்கு முதல் அதிர்ச்சி தூரம்தான். பன்னிரண்டு வயதில் அவன் 46 அடி தூரத்திலிருந்து எறிந்து, 60 அடிக்கு ஒன்றாக வைத்த பேஸ்களுக்கிடையே ஓடியவன். இங்கே எறியும் தூரம் 60 அடி 6 அங்குலம், பேஸ்களுக்கிடையே 90 அடி. இடைப்பட்ட அளவுள்ள மைதானத்தில் ஓரிரு ஆண்டுகள் ஆடாத பிள்ளை, மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து எறிந்த பந்து முதல் பேஸை அடையாமல் இரண்டு முறை தத்திச் செல்வதைப் பார்த்துக் குன்றிப்போவான். தேர்வுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பிருந்தே, குறைந்த தூரத்தில் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகத் தூரத்தைக் கூட்டி எறிந்து பழகுவது ஒன்றே இதற்கு வழி. கடைசி வாரத்தில் அவசரமாகச் செய்யும் பயிற்சி கையைப் புண்ணாக்குவதோடு நின்றுவிடும்.

பயிற்சியாளர் அளப்பது கடிகாரத்தில் தெரிவதை மட்டுமன்று. ஒரு பயிற்சியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பிள்ளை ஓடுகிறானா நடக்கிறானா, பந்தைத் தவறவிட்டதும் யாரைப் பார்க்கிறான், சிதறிய பந்துகளைப் பொறுக்க யார் முதலில் குனிகிறார்கள் என்பவற்றை அவர் ஓரக்கண்ணால் குறித்துக்கொண்டிருப்பார். நீங்களும் அதே நாட்களில் அவரைக் கவனிக்கலாம். தேர்வாகாதவர்களுக்கு அதை எப்படித் தெரிவிக்கிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, எதில் குறை, அடுத்த ஆண்டு என்ன செய்து வரலாம் என்று மூன்று நிமிடமாவது பேசுகிறவரும் உண்டு. கதவில் பெயர்ப்பட்டியலை ஒட்டிவிட்டுப் போகிறவரும் உண்டு. இரண்டாமவர் கோப்பைகள் வென்றிருக்கலாம். மகன் தேர்வான மகிழ்ச்சியில் இதைக் கவனிக்கத் தவறிவிடாதீர்கள்.

எறியும் கை

இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரு சொல் விளக்கம்: கிரிக்கெட் தமிழில் ‘பிட்ச்’ என்றால் ஆடுகளம், பேஸ்பாலில் பந்தெறிபவரின் ஒவ்வொரு எறியும் ஒரு பிட்ச். 2017ஆம் ஆண்டுப் பருவம் முதல், ஒவ்வொரு மாநிலச் சங்கமும் எறிகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட கட்டுப்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று தேசியக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியது. அதற்கு முன் பல மாநிலங்கள் இன்னிங்ஸ்களைத்தான் எண்ணின. எளிதாக முடியும் இன்னிங்ஸில் பத்துப் பந்துகளும் சிக்கலாகிப்போன இன்னிங்ஸில் நாற்பது பந்துகளும் வீசப்படலாம் என்பதால், அந்தக் கணக்கு கையின் களைப்பைக் காட்டவில்லை. இன்றும் உச்சவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. உங்கள் மாநிலத்தின் அட்டவணையைச் சங்கத்தின் தளத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க, தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும், அமெச்சூர் ஆட்டத்தின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல் உதவும். அதன்படி 15, 16 வயதினருக்கு ஒரு நாளின் உச்சம் 95 எறிகள்; 17, 18 வயதினருக்கு 105. எறிந்த அளவுக்கேற்ப ஓய்வும் உண்டு: 15, 16 வயதுப் பிள்ளை 30 வரை எறிந்திருந்தால் மறுநாளும் எறியலாம், 31 முதல் 45 வரை என்றால் ஒரு நாள், 46 முதல் 60 வரை இரண்டு நாள், 61 முதல் 75 வரை மூன்று நாள், 76ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. ஒன்பதாம் வகுப்பில் சேரும்போது பல பிள்ளைகளுக்கு வயது 14தான். அந்த வயதுக்கு ஓய்வுக் கணக்கு இன்னும் இறுக்கமானது, 66 எறிகளிலேயே நான்கு நாள் ஓய்வு வந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்குப் பொருந்தும் அட்டவணையை உங்கள் மகனுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

இந்த எண்கள் சொல்லாமல் விடுவதும் உண்டு. ஆட்டத்துக்கு முன், பந்தெறிபவர்கள் ஆயத்தமாகும் இடமான புல்பென்னில் எறிவதும், ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன் எறியும் சூடேற்றும் பந்துகளும் கணக்கில் வருவதில்லை. 90 எறிகள் என்று பதிவான நாளில் அந்தத் தோள் அதைவிட எவ்வளவோ அதிகம் உழைத்திருக்கும். பந்தெறிந்து முடித்தவனை அதே நாளில் கேட்ச்சராக நிறுத்தினால், ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்தே அவன் கை ஓய்ந்துவிடும். வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே எதிர்க்கிறது. பெரிய ஓட்டை மற்றொன்று. பள்ளி ஆட்டங்களுக்கு வெளியே, ‘ட்ராவல் பால்’ எனப்படும் தனியார் அணிகளிலும் பிள்ளைகள் ஆடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்காக 80 பந்துகள் எறிந்தவன் வெள்ளிக்கிழமை வேறொரு பயிற்சியாளருக்காக 70 எறிந்தால், இரண்டு ஏடுகளும் சட்டப்படி சரியாகவே இருக்கும். கை மட்டும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து எழுதும் ஏடு வீட்டில்தான் இருக்க முடியும். தேதி, அணி, எறிகள், மறுநாள் காலை முழங்கை எப்படி இருந்தது என்ற நான்கு பத்திகள் கொண்ட குறிப்பேட்டை மகனையே எழுதவையுங்கள். 12 மாதங்களில் மொத்தம் 100 இன்னிங்ஸ்களைத் தாண்டக்கூடாது என்ற பரிந்துரையையும் அந்தக் குறிப்பேடு இருந்தால்தான் கடைப்பிடிக்க முடியும்.

முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் தசைநார் கிழிந்தால் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு, 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோபிடம் அதை முதன்முதலில் செய்துகொண்ட லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பந்தெறிபவர் டாமி ஜானின் பெயரே நிலைத்துவிட்டது. அவர் மீண்டும் ஆடி வென்றதால், அதைச் செய்துகொண்டால் முன்பைவிட வேகமாக எறியலாம் என்ற மூடநம்பிக்கைகூடச் சில பெற்றோரிடம் இருக்கிறது. அப்படி நம்புகிறவரோடு வாதாடாமல், மீண்டு வருவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும் என்பதையும், ஹைஸ்கூல் மொத்தமே நான்கு ஆண்டுகள் என்பதையும் மட்டும் நினைவுபடுத்தலாம்.

ஆகவே பருவத் தொடக்கத்தில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் தலைமைப் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. ஆட்டத்தின்போது எறிகளை எண்ணுகிறவர் யார்? வேறு அணிகளில் எறிந்ததையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்களா? களைப்பின் அடையாளமாக எதைப் பார்க்கிறீர்கள்? நல்ல பயிற்சியாளர் மூன்றாவது கேள்விக்கு முகம் மலர்ந்து, எறியும்போது முழங்கை இறங்குவது, பந்து எப்போதும் மேலே மேலே போவது, இரண்டு எறிகளுக்கிடையே எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்வது என்று அடுக்கிக்கொண்டே போவார். "நாங்கள் விதிப்படிதான் நடக்கிறோம்" என்று மட்டும் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் விதி அனுமதிக்கும் கடைசிப் பந்து வரை எறியவைப்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மட்டையும் மற்றவையும்

எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. சீருடையும் ஹெல்மெட்டும் கேட்ச்சரின் கவசங்களும் பெரும்பாலும் பள்ளியிடமே இருக்கும். கையுறை, காலணி, மட்டை ஆகியவற்றை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மட்டை விஷயத்தில் முதல் ஆண்டு நான் ஏமாந்தேன். சிறுவர் லீகில் மகன் வைத்திருந்ததைவிட நீளமான, பளபளப்பான மட்டை ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கி வந்தேன்; முதல் பயிற்சியிலேயே துணைப் பயிற்சியாளர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். 2012 முதல், மரத்தாலல்லாத பள்ளி மட்டைகளில் ‘பிபிகார்’ என்ற சான்று முத்திரை இருந்தாக வேண்டும். அங்குலத்தில் சொன்ன நீளத்திலிருந்து அவுன்ஸில் சொன்ன எடையைக் கழித்தால் வருவது 3ஐத் தாண்டக்கூடாது. 33 அங்குல மட்டை குறைந்தது 30 அவுன்ஸ் இருக்க வேண்டும் என்பது பொருள். என் மட்டையில் அந்த வித்தியாசம் 5. தகுதியற்ற மட்டையோடு பிள்ளை களமிறங்கி நடுவர் கண்டுபிடித்தால், மட்டையாளர் அவுட் ஆவதோடு தலைமைப் பயிற்சியாளரும் தண்டனைக்கு உள்ளாவார், ஏனெனில் தன் வீரர்களின் கருவிகள் விதிப்படியானவை என்று ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் உறுதி சொல்கிறவர் அவரே. மகன் கேட்ச்சர் என்றால், இதயத்தின் மீது பந்து தாக்கும் ஆபத்தைக் கருதி 2020 முதல் மார்புக் கவசத்துக்கும் தனித் தரச்சான்று கட்டாயம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அண்ணனுடைய பழைய கவசத்தைத் தம்பிக்கு மாட்டிவிடும் நம் வழக்கம் இங்கே உதவாது.

பெஞ்சின் கடைசிப் பிள்ளை

பயிற்சியாளரின் குணத்தை அறிய வார்சிட்டியின் பெரிய ஆட்டத்தைவிட, வாரநாள் மாலையில் கூட்டமில்லாமல் நடக்கும் ஜூனியர் வார்சிட்டி ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள். பள்ளி விதிகளில் இருக்கும் சில நெகிழ்வுகள் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளுக்காகவே அமைந்தவை போலத் தோன்றும். தொடக்கத்தில் களமிறங்கிய வீரனை வெளியே எடுத்தாலும், ஒரு முறை அவன் மட்டைவரிசையில் தன் பழைய இடத்துக்கே திரும்பி வரலாம். தொழில்முறை ஆட்டத்தில் இது கிடையாது. பந்தெறிபவரோ கேட்ச்சரோ பேஸை அடைந்தால், அவருக்குப் பதிலாக ஓடுவதற்கு ஆட்டத்தில் இதுவரை இறங்காத ஒருவனை அனுப்பலாம். ஆகையால், "வாய்ப்புக் கொடுத்தால் முக்கிய வீரனை இழந்துவிடுவேன்" என்ற காரணம் பள்ளி பேஸ்பாலில் பாதிக்குமேல் செல்லாது. எட்டு ரன் முன்னிலையில் இருக்கும் ஐந்தாம் இன்னிங்ஸில் பெஞ்ச் அப்படியே உட்கார்ந்திருந்தால், அந்தப் பயிற்சியாளரைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.

அதே சமயம் உங்கள் மகனே அந்தக் கடைசிப் பிள்ளையாக இருக்கும் நாள் வந்தால், நேரே பயிற்சியாளரிடம் போகாதீர்கள். ஆட்டம் முடிந்து 24 மணிநேரம் கழியும் வரை பெற்றோர் பேசக்கூடாது என்பது பல பள்ளிகளில் எழுதப்பட்ட நடைமுறை; எழுதப்படாத இடத்திலும் கடைப்பிடிக்கத் தக்கது. முதலில் பேச வேண்டியவன் மகன். "கோச், என்னை ஏன் ஆடவிடவில்லை?" என்று கேட்டால் விடை சுருக்கமாக வரும், "கோச், இரண்டாம் பேஸில் இடம் பிடிக்க நான் எதில் முன்னேற வேண்டும்?" என்று கேட்டால் அவர் நின்று பேசுவார். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் நேரம் கேட்டு நீங்கள் போகலாம். அதற்குப் பிறகே அத்லெடிக் டைரக்டர். உடல்நலம், படிப்பு, மகனின் நடத்தை, வீட்டுச் சூழல் ஆகியவற்றைப் பற்றி எப்போதும் பேசலாம். ஆட்ட நேரம், உத்தி, அடுத்தவர் வீட்டுப் பிள்ளை ஆகிய மூன்றையும் பற்றிப் பேச உங்களுக்கு இடமில்லை. வலியைப் பற்றிய விஷயத்தில் மட்டும் இந்த வரிசைமுறை எதுவும் பொருந்தாது. முழங்கை வலிக்கிறது என்று மகன் சொன்ன அன்றிரவே பயிற்சியாளருக்குத் தெரிவித்துவிடுங்கள். தலையில் பந்து பட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலும் அப்படியே. மருத்துவ அனுமதி இல்லாமல் அவனைக் களத்துக்கு அனுப்பக்கூடாது என்று ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டமே இருக்கிறது. இடியோசை கேட்ட பின் 30 நிமிடம் ஆட்டத்தை நிறுத்தும் விதிக்கு முணுமுணுக்கும் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சேராதீர்கள்.

பணமும் உழைப்பும்

பள்ளி தரும் நிதி போதாதபோது, பெற்றோர் நடத்தும் பூஸ்டர் கிளப் பணம் திரட்டும். அதில் சேர்ந்து தின்பண்டக் கடையில் நில்லுங்கள். ஸ்கோர் எழுதத் தெரிந்தால் அதைவிட வரவேற்பு எந்த வேலைக்கும் இல்லை, கிரிக்கெட் ஸ்கோர் எழுதிப் பழகியவருக்கு ஒரு வாரத்தில் கைவந்துவிடும். நன்கொடைக்கும் ஆட்ட நேரத்துக்கும் தொடர்பு இருப்பதாக யாராவது சாடை காட்டினால் மட்டும் விலகிக்கொள்ளுங்கள். கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டப்படி, பெற்றோர் பணத்தில் பேஸ்பால் மைதானத்துக்குப் புதிய விளக்குகள் வந்தாலும், பெண்களின் சாஃப்ட்பால் அணிக்கு அதற்கு ஈடான வசதி கிடைக்கப் பள்ளி பொறுப்பேற்க வேண்டும். இதைத் தானாகவே எடுத்துச் சொல்லும் தலைமைப் பயிற்சியாளர் சட்டம் அறிந்தவர்.

கல்லூரியில் ஆடும் ஆசை இருந்தால் பதினோராம் வகுப்புக்கு முன்பே பேசத் தொடங்குங்கள். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் மூன்று பிரிவுகளில் முதல் இரண்டில் ஆட, ஹைஸ்கூலில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. கல்லூரிப் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பது பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளரைத்தான், அப்போது அவர் வேகத்தைவிடக் குணத்தையே அதிகம் பேச வேண்டியிருக்கும்.

பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்து சீருடையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கும் வாரத்தில், நல்ல பயிற்சியாளர் ஒவ்வொரு வீரனையும் தனியே அழைத்துப் பேசுவார். அழைக்காவிட்டால் மகனே நேரம் கேட்கலாம். அந்த அறைக்குள் அவன் தனியாகப் போகட்டும், நீங்கள் வண்டியிலேயே இருங்கள். கையில் அந்தக் குறிப்பேட்டை எடுத்துச் சென்று, இந்தப் பருவத்தில் தான் எறிந்தது இவ்வளவு, ட்ராவல் அணிக்கு இனி எறியப்போவது இவ்வளவு என்று காட்டி, எப்போது எறிவதை முற்றிலும் நிறுத்தலாம் என்று கேட்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு நான்கு மாதங்கள் பந்தெறியாமலும், அவற்றில் தொடர்ச்சியாக இரண்டு மூன்று மாதங்கள் தோளுக்கு மேல் கையைத் தூக்கி எதையும் எறியாமலும் இருக்க வேண்டும் என்பதே வழிகாட்டுதல். அந்த மாதங்களை நாட்காட்டியில் இருவரும் சேர்ந்து குறித்த பிறகு, ட்ராவல் அணியின் அழைப்புக்குப் பதில் எழுதலாம்.